கசடதபற அட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அடுத்த வாரம் ஐசியூவில் டியூட்டிக்குச் சேரப் போகிறாய் என்று சித்தி போனில் சொன்னார். ரொம்ப சந்தோஷம். மருந்து, மானிட்டர், வென்டிலேட்டர் எல்லாம் கல்லூரியில் படித்திருப்பாய். உன் பெரியப்பா 11 நாள் வாயில் மூச்சு டியூபோடு படுத்திருந்தபோது, பேச முடியாத நோயாளியோடு எப்படிப் பேசுவது என்று நான் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் மயக்க மருந்தைக் குறைத்தார்கள். கண் திறந்தார். டியூப் குரல் நாண்களுக்கு நடுவே இறங்குவதால் சத்தம் வராது என்பது உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. பேச்சே போய்விட்டது என்று நினைத்துவிட்டார். கையைத் தூக்கி வாயைக் காட்டினார், காட்டிக்கொண்டே இருந்தார். டியூபைப் பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டிலோடு கட்டினார்கள். பிடுங்கினால் உயிருக்கே ஆபத்துதான், சரி. ஆனால் எதற்காகக் காட்டுகிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே.

பார்வை நேரத்தில் என் உள்ளங்கையை அவர் விரலுக்கு அடியில் வைத்தேன். கீழே ஒரு கோடு, குறுக்கே ஒன்று, மறுபடி மேலே. 'ப'. அப்புறம் ஏதோ சுழி. மூன்றாவது தடவைதான் 'ல்' என்று புரிந்தது. பல் வலிக்குதாப்பா? இல்லை என்று லேசாகத் தலையசைத்தார். பல் செட்! டியூப் போடுவதற்கு முன் கழற்றிக் கொடுத்ததை கர்சீப்பில் சுற்றி என் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். தொலைந்தே போய்விட்டது என்று தவித்திருக்கிறார். பார்த்ததும் கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

அன்று ராத்திரி ஒரு அட்டை எழுதினேன். பிரான்ஸில் ழான் டொமினிக் போபி என்ற பத்திரிகையாசிரியர் 1995-இல் பக்கவாதத்தில் விழுந்து, இடது கண்ணிமையை மட்டும் அசைத்து ஒரு புத்தகத்தையே எழுத வைத்தார். எதிரில் இருப்பவர் எழுத்துகளை வரிசையாகச் சொல்ல, வேண்டிய எழுத்தில் அவர் இமைப்பார். தமிழில் 247 எழுத்தை எப்படிச் சொல்வது என்று மலைத்தேன். ஆனால் நம் மெய்யெழுத்து பதினெட்டும் ஆறு ஆறாக மூன்று வரியாகவே பிரிந்திருக்கிறது. முதல் வரி கசடதபற, இரண்டாவது ஙஞணநமன, மூன்றாவது யரலவழள. நான்காவதாக உயிரெழுத்து. முதலில் எந்த வரி என்று கேள், பிறகு எந்த எழுத்து. 'த', 'ண' வந்தாலே தண்ணி என்று புரிந்துவிடும், கொம்பும் காலும் தேவையில்லை. யூகித்த சொல்லை உரக்கச் சொல்லி, அதுதானா என்று கேட்டுவிடு.

இமை தானாகவும் கொட்டும். அதனால் 'ஆமாம்' என்றால் மேலே பார்க்கட்டும், அல்லது உன் கையை அழுத்தட்டும். "வலிக்குதா, திருப்பிப் படுக்க வைக்கவா?" என்று இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்காதே, எதற்கு ஆமாம் என்று தெரியாது. கண்ணாடி போடுகிறவரா, காது மெஷின் வைக்கிறவரா என்று வீட்டாரிடம் விசாரி. அப்பாவின் கண்ணாடி ஐந்து நாள் அலமாரியில் கிடந்தது. வலது கையால் எழுதுகிறவர் என்றால் ஊசியை இடது கையில் போட முடியுமா என்று பார்.

பக்கவாதத்தில் மூளையின் மொழிப் பகுதியே அடிபட்டவருக்கு எழுத்தும் குழம்பியிருக்கும், இந்த அட்டை உதவாது. படம், சைகை என்று முயற்சி செய். பேச்சுப் பயிற்சியாளரையும் சீக்கிரமே கூப்பிடச் சொல்.

அட்டையை சித்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். வெறும் சார்ட் பேப்பர்தான். நீ புதிதாக எழுதினால் லேமினேட் செய்துவிடு, ஒவ்வொரு நோயாளிக்கும் கொடுப்பதற்கு முன்னால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா