அப்பாவின் தூணை நிறுத்திக் கொடுத்தவர்களுக்கு

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் சுற்றுவட்டாரத்துச் சொந்தபந்தங்களுக்கும், அத்தனை தூரம் ரயிலேறி வந்த கோடம்பாக்கத்துப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் கழிந்த வாரம் நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் நடந்த கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. சென்னை சினிமா ஸ்டூடியோக்கள் எப்படி வளர்ந்தன, அவற்றைக் கட்டிய கைகள் யாருடையவை என்று நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது, "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஒருவரும் கேட்கவில்லை. "என்ன வேணும், சொல்லு தாயி" என்றுதான் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

அப்பா 1958-ல் பத்தொன்பது வயதில் மெட்ராஸுக்குப் போனவர். சினிமாவுக்கு செட் கட்டும் ஆசாரி. அவர் விட்டுப்போனது ஓர் உளிப்பெட்டியும் நான்கு நோட்டும். நோட்டு முழுக்கத் தூண், கதவு நிலை, பல்லக்கு, சிம்மாசனம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடிக்கணக்கு, எத்தனை ரீப்பர்ச் சட்டம், எத்தனை கிலோ ஆணி. இரண்டாவது நோட்டின் நடுப்பக்கத்தில் கிருஷ்ணாபுரம் கோயில் தூண் ஒன்று இருந்தது. எப்போதோ லீவுக்கு ஊருக்கு வந்தவர் போய் அளந்து வரைந்திருக்கிறார். அந்தத் தூணை மண்டபத்தில் நிறுத்திப் பார்க்க ஆசைப்பட்டேன்.

நிறுத்தித் தந்தவர்கள் ஆசாரிமார் அண்ணாச்சிகள் இருவர். பகலெல்லாம் சொந்த வேலை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் இந்த வேலை, பதினோரு ராத்திரி. பலகையை வட்டம் வட்டமாக அறுத்து, சுற்றிலும் ரீப்பர் அடித்துக் கூடு கட்டினார்கள். களிமண்ணில் அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தேங்காய் நாரைப் போட்டுக் குழைத்து ஊற்றி, யாளி முகமும் கொடியும் வார்த்து ஒட்டினார்கள். நார் போடாவிட்டால் காய்ந்ததும் வெடித்துவிடும் என்று அப்பா நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார். பன்னிரண்டு அடித் தூண். இரண்டு பேர் தூக்கினால் எழும்பிவிடும். கூலிப் பேச்சை எடுத்ததும் பெரிய அண்ணாச்சி சொன்னார்: "ஒங்க அப்பாதான் எனக்கு இழைப்புளி புடிக்கச் சொல்லித் தந்தாவ. நீ பைசாப் பேச்சு பேசாத." அண்ணாச்சி, அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன். நன்றி.

அப்பளம் போடும் அக்காமாரே, நீங்கள் தரையில் போட்ட கோலத்தைப் பார்க்கவே திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு. ஆற்காடு ரோட்டைச் செம்மண் கோடாக இழுத்து, அதன்மேல் ஸ்டூடியோக்களைப் பூப்பூவாக வைத்தீர்கள். கீழ்ப்பாக்கத்தில் தனியாக ஒரு பூ. 1934-ல் ஏ. நாராயணன் தொடங்கிய ஸ்ரீனிவாசா சினிடோன் அது. அவர் மனைவி மீனா நாராயணன் அங்கே ஒலிப்பதிவு செய்தவர் என்று நான் சொன்னபோது, அந்தப் பூவுக்கு மட்டும் மஞ்சள் பொடி தூவினீர்கள். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஒரு முனையில். அந்த இடத்தில் இன்று ஓட்டல் நிற்கிறது. பக்கத்தில் 1973-ல் திறந்த பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர் வைத்தும் ஜனங்கள் இன்னும் ஜெமினி பாலம் என்றே சொல்கிறார்கள். நடுவில் அந்தக் காலத்துக் கோடம்பாக்கம் ரயில்வே கேட். கேட் மூடினால் நடிகர்களின் கார் நிற்கும், பார்க்கக் கூட்டம் கூடும். அதைத் தாண்டினால் நாகிரெட்டியாரின் விஜயா வாகினி, வடபழனியில் ஏவி.எம். யுத்த காலத்து மின்சாரக் கெடுபிடியால் மெய்யப்பச் செட்டியார் 1945-ல் காரைக்குடியில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தொடங்கி, 1948-ல்தான் கோடம்பாக்கத்துக்கு வந்தார் என்பது நம் பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம். படம் பிடிக்கும் ஃப்ளோர், பிலிம் கழுவும் லேப், ரிக்கார்டிங் தியேட்டர், ஆசாரிப் பட்டறை எல்லாம் ஒரே மதிலுக்குள். கதைக் காகிதமாக உள்ளே போனது படப்பெட்டியாக வெளியே வரும். அப்பா அப்படித்தான் சொல்வார்.

சாலிகிராமத்திலிருந்து வந்த லைட்மேன் மாமாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? எண்பது தாண்டிய வயதில், ஒற்றை லைட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தார். கயிற்றில் தொங்கும் பலகைப் பரணில் அவர் மேலே, அப்பா கீழே என்று எத்தனையோ வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் மண்டபத்து ட்யூப்லைட்டையெல்லாம் அணைக்கச் சொன்னார். தூணுக்கு நேராக வைக்காமல், பக்கவாட்டில், தாழ்வாக லைட்டை வைத்துப் போட்டார். அதுவரை வெள்ளையடித்த சுண்ணாம்பு மாதிரித் தெரிந்த யாளிக்குக் கண் குழிந்தது, பல் நிழல் விழுந்தது, தூண் கல்லாகிவிட்டது. பின்வரிசையில் ஒரு பையன் எழுந்துவந்து விரலால் தட்டிப் பார்த்தான். டொக்கென்றது. "நெல்லையப்பர் கோயில் தூணைத் தட்டினா சுரம் வரும், என் தூணைத் தட்டினா டொக்குனுதான் கேக்கும். ஆனா கேமராவுக்குக் காது கெடையாது" என்று அப்பா சொல்வதை மாமா அப்போது எல்லோருக்கும் சொன்னார். அந்த இருட்டில் நான் அழுதது பக்கத்திலிருந்த மைனிக்கு மட்டும் தெரியும்.

டிவிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது எலெக்ட்ரிக் கடைத் தம்பி. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தாலும், நம் பக்கத்து வீடுகளில் முதலில் தெரிந்தது 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாகினிதானே. கடல் பக்கம் திருப்பி வைத்த அந்த உயரமான ஆன்டெனாவைப் பரணிலிருந்து இறக்கி, துரு தேய்த்துக் கொண்டுவந்தான். அவுட்டோர் படப்பிடிப்பு பெருகி ஃப்ளோர்கள் காலியானபோது, தொண்ணூறுகளில் சீரியல்கள்தான் அப்பா போன்றவர்களுக்குச் சோறு போட்டன. அப்பாவுக்கு வருத்தம்தான், அரண்மனை கட்டிய கை கூடமும் சமையலறையும் கட்டுகிறதே என்று. ஆனாலும் ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை.

விஜயா வாகினி இருந்த இடத்தில் இன்று ஆஸ்பத்திரியும் மாலும். 1994-ல் தரமணியில் அரசே திரைப்பட நகரம் கட்டியது. 2024 ஜனவரியில் பூந்தமல்லிப் பக்கம் 140 ஏக்கரில் நவீனத் திரைப்பட நகரம் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். வரட்டும். அதில் ஒரே ஓர் அறை, உளியும் இழைப்புளியும் அளவு நோட்டுகளும் வைக்க ஓர் அறை வேண்டும். கண்காட்சிக்கு வந்தவர்கள் கையெழுத்திட்ட மனுவில் நாம் கேட்டிருப்பது அவ்வளவுதான். வெயிலில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் நன்றி.

பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பொறுமையாகப் பிரித்துத் தந்த நூலகர் அம்மா, வாடகையில் பாதியை வேண்டாமென்ற மண்டபத்துக்காரர், மூன்று நாளும் சுக்குக்காப்பி போட்ட மைனிமார், தூணை வண்டியில் ஏற்றி இறக்கிய கல்லூரித் தம்பிகள், உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. யார் பெயரையும் எழுதவில்லை. ஒருவர் விட்டுப்போனாலும் மனசு கேட்காது.

தூண் இப்போது பள்ளிக்கூட வராந்தாவில் நிற்கிறது. மழைச்சாரல் படாமல் தலைமையாசிரியர் தார்ப்பாய் கட்டியிருக்கிறார். இரவல் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றும் எவர்சில்வர் அண்டா இரண்டும் எங்கள் வீட்டுத் திண்ணையறையில் பத்திரமாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், வாருங்கள்.