நம் ஆட்டக்காரர்களுக்கும் ஓர் அட்டை: கடற்கரைக் கால்பந்துக் கழகங்களுக்குத் திறந்த மடல்

குமரிக் கடற்கரையில் குளச்சல் முதல் நீரோடி வரை கால்பந்துப் போட்டி நடத்தும் விளையாட்டுக் கழகங்களுக்கும் விழாக் குழுக்களுக்கும்,

வணக்கம். அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இது உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். நான் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். உங்களில் பலருடைய நோட்டீஸும் என் கைவழியாகப் போனதுதான். கால்பந்து வீரர்கள் கையெழுத்துப் போட்ட அட்டைகளைச் சேர்க்கிற பழக்கமும் உண்டு. கேட்க வந்தது ஒன்றே ஒன்று. உங்கள் போட்டியில் ஆடும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை அடியுங்கள். அவரே அதில் கையெழுத்துப் போட்டு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும்.

அட்டை என்று நான் சொல்வது இரண்டரைக்கு மூன்றரை இஞ்ச் அளவுள்ள துண்டு. முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் பெயர், ஊர், ஆடும் இடம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். டாப்ஸ், பனினி என்று கம்பெனி பெயரோடு சொல்வார்கள். "ரொனால்டோ ரெண்டு இருக்கு, மாத்திக்கிறியா" என்று பள்ளிக்கூட வாசலிலேயே பேரம் நடக்கிறது. அந்த அட்டைக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். மெஸ்ஸி இருப்பார், எம்பாப்பே இருப்பார். நேற்று மாலை அதே பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தி உற்சாகப்படுத்திய நம் ஊர்த் தடுப்பாட்டக்காரர், அந்த ஸ்டாப்பர் பேக் மட்டும் இருக்க மாட்டார். அவருக்கு அட்டையே கிடையாது.

மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்தூர் வட்டாரக் கடற்கரையில் பந்து உதைத்து வளர்ந்தவர். சென்னை சிட்டி கிளப்புக்கு ஆடி, ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய், 2019-20 சீசனில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பை வென்ற கொல்கத்தாவின் ஏடிகே அணியில் இருந்தவர். 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் குராசா நாட்டு அணிக்கு எதிராக இந்தியச் சட்டை போட்டு இறங்கினார். அவர் சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர். சரி, இவர்கள் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடிய காலத்தின் அடையாளமாக நம் கையில் என்ன இருக்கிறது? யாரோ செல்போனில் எடுத்த மங்கலான படம், கிழிந்துபோன நோட்டீஸ், அவ்வளவுதான். அன்றைக்கு ஓர் அட்டை அடித்து, அந்தப் பையன் கூச்சத்தோடு கிறுக்கிய கையெழுத்து அதில் இருந்திருந்தால், இன்றைக்கு அதை வைத்திருப்பவர் வீட்டுக்கு நான் நடந்தே போயிருப்பேன்.

புகழ் வந்த பிறகு அட்டை அடிக்கலாம் என்று நினைத்தால் அது தலைகீழ் வேலை. 2004-05 சீசனுக்கு ஸ்பெயினில் பனினி போட்ட மெகாகிராக்ஸ் என்ற அட்டை வரிசையில் பார்சிலோனாவின் பதின்பருவப் பையன் ஒருவனுக்கும் ஓர் அட்டை இருந்தது. பெயர் லியோனல் மெஸ்ஸி. அன்றைக்கு அதைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த பிள்ளைகளுக்கு அவன் யாரென்றே தெரிந்திருக்காது. இப்போது அந்த அட்டைக்கு உலகம் முழுக்க ஆட்கள் அலைகிறார்கள்.

அப்புறம், இந்த வழக்கமே உள்ளூரில் பிறந்ததுதான். 1880களில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பொம்மைக் கடை வைத்திருந்த ஜான் பெய்ன்ஸ் என்பவர், சுற்றுவட்டாரத்துக் கிளப்புகளின் பெயரையும் நிறத்தையும் போட்டுச் சின்னச் சின்ன அட்டைகளாக அடித்து விற்றார். கேடயம் மாதிரி வெட்டிய வண்ண அட்டைகள். ஆறு அட்டை சேர்ந்த பொட்டலம் அரை பென்னி. பெரிய கிளப்புகளோடு பள்ளிக்கூட அணிகளும் தெருக்கோடி அணிகளும் அதில் உண்டு. சிகரெட் பெட்டிக்குள் கால்பந்து அட்டை வைத்தது அதற்குப் பின்னால், 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்குப் பனினி ஸ்டிக்கர் ஆல்பம் போட்டது எவ்வளவோ பின்னால். ஆக, நான் கேட்பது புதுமையும் இல்லை, ஆடம்பரமும் இல்லை.

கையெழுத்து எதற்கு, படம் போதாதா என்று கேட்பீர்கள். இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஆன்லைனில் வாங்கிய அட்டையை என்னிடம் கொண்டுவந்தான். பெரிய வீரரின் கையெழுத்து, கறுப்பு மை, பார்க்க அசலாகவே இருந்தது. அச்சகத்தில் நிறம் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்தேன். கோடு கோடாகவே இல்லை, முழுக்கப் புள்ளி. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்றன. அதாவது, படத்தோடு சேர்த்து அச்சடித்த கையெழுத்து. பேனாவால் போட்டிருந்தால் மை ஒரே படலமாக ஓடியிருக்கும். இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் நிறம் அடர்ந்திருக்கும், கை வேகமெடுத்த இடத்தில் மெலிந்திருக்கும். பையனுக்கும் காட்டினேன். ஒன்றும் பேசாமல் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கம்பெனிகள் போடும் அசல் கையெழுத்து அட்டைகளிலும் பல வீரரின் கையில் பட்டதே கிடையாது. ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர் தாளை அவருக்கு அனுப்புவார்கள், அவர் வரிசையாகப் போட்டுத் தள்ளுவார், பிறகு அதை அட்டையில் ஒட்டுவார்கள். நேராக அட்டையிலேயே போட்டதற்குத்தான் சேகரிப்பவர்களிடம் மரியாதை அதிகம். பெரிய நாடுகளில் பணம் கொடுத்து, கடிதம் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அது அசல்தானா என்று சான்றிதழ் வாங்க இன்னும் பணம் கட்டுகிறார்கள். நமக்கு அந்தப் பாடே இல்லை. ஆட்டக்காரர் இரண்டு தெரு தள்ளி வலை பின்னிக்கொண்டிருப்பார். பேனாவை நீட்டினால் பிள்ளை கண்முன்னே போட்டுக் கொடுப்பார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

இனி வேலையைப் பேசுவோம். எட்டு அணி, அணிக்குப் பத்துப் பேர், ஆளுக்கு 20 அட்டை என்றால் 1600 அட்டை. 12க்கு 18 இஞ்ச் தாளில் 18 அட்டை தாராளமாக வரும், ஆக 90 தாளுக்குள் முடிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள ஆர்ட் போர்டு போதும். முன்பக்கத்துக்குப் பளபளக்கும் கிளாஸி லாமினேஷன் மட்டும் கேட்காதீர்கள். அதன்மேல் மை திவலை திவலையாகத் திரளும், விரல் பட்டால் இழுவிவிடும். பளபளப்பில்லாத மேட் போட்டால் பெர்மனன்ட் மார்க்கர் அழகாகப் பிடிக்கும். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அட்டையைக் கீறும். படத்தின் கீழே விரலகலத்துக்கு வெளிர்நிறம் விடுங்கள், கையெழுத்துக்கு இடம் வேண்டுமே. நம் உப்புக் காற்றில் எந்த அட்டையும் வளைந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டே கொடுங்கள்.

ஸ்பான்சர் பெயரெல்லாம் பின்பக்கம் போகட்டும். முன்பக்கம் ஆட்டக்காரருக்கு மட்டும். சின்னப் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அட்டை போடும்போது பெயரும் ஊரும் அணியும் போதும், பிறந்த தேதியோ போன் நம்பரோ வேண்டாம், வீட்டில் கேட்டுவிட்டுப் போடுங்கள். சம்பளம் பேசி வெளியூரிலிருந்து கூட்டிவரும் கெஸ்ட் ஆட்டக்காரர்களையும் விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் முதலில் அவர்களைத்தான் கேட்பார்கள். விலை மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு ரூபாய் வைத்தாலும் அடுத்த வருடம் அதற்கொரு ஏலம் வந்துவிடும்.

செலவுக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும் என்று தெரியும். நுழைவாயிலில் வைக்கும் ஃபிளெக்ஸில் இரண்டைக் குறைத்தால் போதும். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஃபிளெக்ஸையும் நான்தான் அடிக்கிறேன். இறுதிப் போட்டி முடிந்த மறுநாள் அது வள்ளத்து எஞ்சினை மூடிக்கொண்டிருக்கும், தலைவர் முகம் வானத்தைப் பார்த்தபடி.

"கடலுக்குப் போகிற பையன் கையெழுத்துப் போட்டு என்னத்துக்கு" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஆழ்கடலில் சுறா பிடிக்க வாரக்கணக்கில் போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பத்திரிகைகளில் இந்த ஊர்ப் பெயர்கள் அதிகம் வந்தது 2017 ஒக்கி புயல் சமயத்தில், காணாமல் போனவர்கள் பட்டியலில். நம் பையன்களின் பெயர் வேறொரு காரணத்துக்காகவும் அச்சில் ஏறட்டுமே, பெரியவரே.

அட்டை தயாரானால் அரையிறுதி அன்றைக்கு மைதான ஓரத்தில் ஒரு மேசை போடுங்கள், பத்து மார்க்கர் வையுங்கள். இறுதிப் போட்டி அன்று வேண்டாம், தோற்ற அணி உட்காராது. ஒவ்வோர் ஆட்டக்காரருடைய அட்டையிலும் ஒன்றைக் கையெழுத்தோடு ஊர் நூலகத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

வடிவமைப்பும் வெட்டும் வேலையும் என் பொறுப்பு, அதற்குக் கூலி வேண்டாம். தாளுக்கும் அச்சுக்கும் மட்டும் முதலாளிக்குக் கொடுத்தால் போதும். போட்டிக்கு 15 நாள் முன்னதாகப் படங்கள் வந்துவிட வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பாமல் ஃபைலாக அனுப்புங்கள். பெயரை ஆட்டக்காரரிடமே எழுதி வாங்கி அனுப்புங்கள். போன தடவை நோட்டீஸில் ஒரு கோல்கீப்பருக்கு அவருடைய தம்பி பெயர் வந்துவிட்டது, இரண்டு வீட்டிலும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

இப்படிக்கு,
அச்சகத்துக்காரன், ஓர் அட்டை சேகரிப்பாளன்