வாங்கிய கேமைப் பகிர ஓராண்டு தடை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேம் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது டிஸ்க் குறைந்துவிட்டது, எல்லாம் ஆன்லைன் கணக்கில்தான். பெரிய கேம் ஒன்று 3,000 ரூபாயைத் தாண்டுகிறது. அண்ணன் வாங்கியதைத் தம்பியும் விளையாடலாமா, சித்தப்பா மகனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு யாரும் தெளிவாகப் பதில் சொல்வதில்லை.

கணினி கேம்கள் அதிகம் விற்கும் ஸ்டீம் தளத்தையே எடுத்துக்கொள்வோம். 2013-இல் அவர்கள் சோதனையாகத் தொடங்கிய பகிர்வு வசதியில், சொந்தக்காரர் தன் கணக்கில் எந்த கேமைத் திறந்தாலும் மற்றவர் ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும். 2024 செப்டம்பரில் எல்லோருக்கும் வந்த 'ஸ்டீம் ஃபேமிலீஸ்' இதைச் சரிசெய்தது. ஆறு பேர் வரை ஒரு குழுவாகச் சேரலாம், அண்ணன் ஒரு கேம் ஆடும்போதே தங்கை அவன் லைப்ரரியிலிருந்து வேறொன்றை ஆடலாம், அவரவர் ஆட்டம் அவரவர் கணக்கில் பதிவாகும். ஒரே கேமை இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆட இரண்டு பிரதி வேண்டும், அது நியாயம்தான். பிள்ளை எவ்வளவு நேரம் ஆடலாம் என்று பெற்றோர் வரம்பு வைக்கலாம், பிள்ளை கேட்கும் கேமுக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்றும் அவர்களே முடிவு செய்யலாம். நல்ல வசதி, மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இந்த வசதி ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய குடும்பத்துக்கு மட்டும் என்கிறார்கள். மகன் கோவையில் ஹாஸ்டலில், மகள் பெங்களூரில் வேலையில், தாத்தா பாட்டி ஊரில் என்று இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? அதைவிட மோசம் அந்த ஓராண்டு விதி. குழுவை விட்டு விலகும் பெரியவர், அதில் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை வேறு குழுவில் சேர முடியாது, அவர் விட்டுப்போன இடமும் அதுவரை நிரப்ப முடியாமல் கிடக்கும். கல்யாணமாகிப் போன பெண் கணவருடைய குழுவில் சேரக்கூட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். கணக்குகளை வாடகைக்கு விடுபவர்களைத் தடுக்க வேண்டும், சரி, அதற்காக வீட்டு மனிதர்களை ஏன் தண்டிக்க வேண்டும்?

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. உங்கள் கேமைக் குழுவில் ஒருவர் ஆடும்போது ஏமாற்று மென்பொருள் பயன்படுத்தித் தடை வாங்கினால், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். அதனால் யாரைச் சேர்க்கிறோம் என்று பார்த்துச் சேருங்கள். நண்பனுக்குப் பாஸ்வேர்டைக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், கணக்கே கைவிட்டுப் போகலாம்.

வாங்கிய கேமை நண்பர்களுக்கும் கடன் கொடுக்க விட வேண்டும் என்றால், கேம் உருவாக்குபவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். டிஸ்க் காலம் முழுக்க ஸ்கூல் பிள்ளைகள் மாற்றி மாற்றித்தான் ஆடினார்கள், அந்தத் தொழில் வளரவே செய்தது. கொடுத்தவரிடம் அது இருக்காது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. இதை டிஜிட்டலிலும் செய்ய முடியும் என்று ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோ 2025-இல் காட்டிவிட்டது, குடும்பக் குழுவில் ஒருவருக்கு ஒரு கேமை 14 நாள் கடன் கொடுத்தால் அதுவரை கொடுத்தவரால் ஆட முடியாது, பிறகு தானாகத் திரும்பிவிடும். இதையே நண்பர்களுக்கும் நீட்டிக்க என்ன தடை? மைக்ரோசாஃப்ட் 2013-இல் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் கருவிக்குப் பத்துப் பேருடன் பகிரும் திட்டத்தை அறிவித்தது. ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் இணைந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையையும் கூடவே வைத்ததால் எதிர்ப்பு கிளம்பி, நல்ல திட்டமும் சேர்ந்தே போய்விட்டது.

அப்புறம், நாம் பணம் கட்டுவது பயன்படுத்தும் உரிமத்துக்கு மட்டும்தான் என்பதே பலருக்குத் தெரியாது. ஸ்டீம் ஒப்பந்தப்படி கணக்கை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், இது உரிமம் மட்டுமே என்று விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் எனச் சட்டம் இருக்கிறது. இணைய விற்பனையில் நடக்கும் ஏமாற்று உத்திகளுக்கு எதிராக 2023-இல் வழிகாட்டுதல் வெளியிட்ட நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இங்கேயும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். எந்த கேமைப் பகிரலாம், எதைப் பகிர முடியாது என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே தமிழில் போடச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி