ஞாயிற்றுக்கிழமை காலி டிராமுக்காகக் கட்டிய பூங்கா

பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்கிறீர்களா? தம்பிக்கு நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா அங்கே போய் ராட்டினம் சுற்றிக்கொண்டிருக்கிறாள்" என்று அவன் உங்களிடம் சொன்னானாம். சுற்றினேன், உண்மைதான். ஆனால் அது நீங்கள் நினைக்கும் ராட்டினம் இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்த ஆளுக்கு இதை ஃபோனில் அரைகுறையாகச் சொல்ல மனசு வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டதா என்று கேட்பார், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

இடத்தின் பெயர் கென்னிவுட், ஒரு பழைய பொழுதுபோக்குப் பூங்கா. நான் இருக்கும் பகுதியிலிருந்து 61சி பேருந்தில் ஏறினால் நேராக அதன் வாசலில் இறங்கலாம். பிட்ஸ்பர்க்கை ஒட்டிய வெஸ்ட் மிஃப்லின் என்ற சின்ன ஊரில், மொனாங்கஹேலா ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை போனோம். இந்த ஊர்க்காரர்களுக்கு அங்கே போவது நம்மூரில் திருவிழாவுக்குப் போவதுபோல வருஷ வழக்கம். பள்ளிக்கூடங்களுக்கென்று தனி நாள் உண்டு, கம்பெனிகளுக்குத் தனி நாள் உண்டு. ஒரு காலத்தில் இரும்பு ஆலைகளில் வேலை பார்க்க ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்தவர்கள் இத்தாலியர் நாள், ஸ்லோவாக் நாள் என்று ஆளுக்கொரு நாள் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு கூடினார்களாம். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகவும் விடுகிறார்கள், இந்த நாட்டில் அது பெரிய விஷயம். மரத்தடி மேசையில் உட்கார்ந்து நான் கட்டிக்கொண்டுபோன புளியோதரையைப் பிரித்தேன். பாதிக்கு மேல் மற்றவர்கள் தின்றுவிட்டார்கள்.

இதை யார் கட்டினார்கள் தெரியுமா? டிராம் கம்பெனி! மொனாங்கஹேலா ஸ்ட்ரீட் ரயில்வே என்று ஒன்று இருந்தது, மெல்லன் குடும்பத்து முதலாளிகளுடையது. வாரநாளில் ஆலைக்குப் போகிற கூட்டம் டிராமில் நிரம்பி வழியும். ஞாயிற்றுக்கிழமை வண்டி காலியாக ஓடும். தண்டவாளம் போட்டாயிற்று, மின்சாரம் இருக்கிறது, ஆள் இல்லை. என்ன செய்யலாம் என்று யோசித்து, ஆந்தனி கென்னி என்பவருடைய பண்ணையில் ஜனங்கள் ஏற்கெனவே கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, தடத்தின் கடைசியில் 1898-ல் ஒரு பூங்காவைப் போட்டார்கள். அதன் வரைபடத்தைப் போட்டவர் தோட்டக் கலைஞர் யாரும் இல்லை, டிராம் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் ஜார்ஜ் டேவிட்சன். அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்க இப்படி டிராம் கம்பெனிகள் கட்டிய பூங்காக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கார் வந்தது, டிராம் போயிற்று, கூடவே பூங்காக்களும் போயின. மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். 1906-ல் மக்ஸ்விகன், ஹென்னிங்கர் என்ற இரண்டு பேர் கென்னிவுட்டைக் குத்தகைக்கு எடுத்தார்கள். நூறு வருஷம் அந்தக் குடும்பங்களின் கையில் இருந்தது. 2007-ல் ஸ்பெயின் நாட்டுக் கம்பெனி வாங்கியது, 2025-ல் அது வேறொரு அமெரிக்கக் கம்பெனிக்கு மாறியது. இதற்கு நடுவில் 1987-ல் அரசாங்கம் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ராட்டினத்துக்கு அந்த மரியாதை கொடுத்த ஊரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே மூன்று பழைய ரோலர் கோஸ்டர்கள் இருக்கின்றன, அதாவது மேடுபள்ளமான தண்டவாளத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாய்ந்து ஓடும் வண்டிகள். மூன்றும் மரத்தால் கட்டியவை. மூன்றிலும் ஜான் மில்லர் என்ற ஒரே மனிதரின் கை இருக்கிறது. முதலாவது ஜாக் ராபிட், 1920. அதற்கு முந்தின வருஷம்தான் மில்லர் ஒரு சக்கர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். தண்டவாளத்துக்கு மேலே ஓடும் சக்கரம் எல்லா வண்டியிலும் உண்டு. மில்லர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தைக் கொடுத்து, பெட்டி மேலே எகிறாதபடி கவ்விப் பிடிக்க வைத்தார். அந்த ஒரு சக்கரம் வந்த பிறகுதான் செங்குத்தான இறக்கங்கள் சாத்தியமாயின. அதுவரைக்கும் வேகமாக இறக்கினால் வண்டி தடத்தை விட்டுக் கிளம்பிவிடும் என்ற பயம் இருந்தது. இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற பெரிய கோஸ்டர்கள் எல்லாம் இந்த யோசனையில்தான் ஓடுகின்றன.

ஜாக் ராபிட்டில் 70 அடி இறக்கம் ஒன்று இருக்கிறது, அதை இரண்டாக உடைத்திருக்கிறார்கள். பாதி இறங்கியதும் தடம் ஒரு கணம் மட்டமாகி மறுபடி இறங்கும். அந்த இடத்தில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பிவிடுகிறது. பின்பெட்டியில் உட்கார்ந்தால் இன்னும் மோசம், அல்லது இன்னும் நல்லது, ஆளைப் பொறுத்தது. அங்கே பள்ளத்தாக்கு ஒன்று இயற்கையாகவே ஓடுகிறது. கோஸ்டரை அதற்குள் இறக்கிக் கட்டியதால், உயரமாகச் சாரம் எழுப்பாமலே ஆழம் கிடைத்துவிட்டது. மற்ற இடங்களில் வண்டி முதலில் மேலே ஏறி, அப்புறம்தான் இறங்கும். இங்கே நிலையத்தை விட்டதும் நேராகப் பள்ளத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஏற்றுகிற சங்கிலி பிறகுதான் வருகிறது. நிலத்தின் வாகைப் பார்த்து வேலை செய்திருக்கிறார்கள்.

சங்கிலி ஏற்றத்தில் "டக் டக் டக்" என்று ஒரு சத்தம் வரும். வண்டி பின்னால் உருண்டுவிடாமல் அடியில் ஒரு கொக்கி, பற்களில் விழுந்து விழுந்து ஏறுகிற சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும் கொக்கி பிடித்துக்கொள்ளும். உச்சியைத் தாண்டியதும் எஞ்சினும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஏறின உயரத்தைச் செலவழித்துக்கொண்டே ஓடி நிலையத்துக்கு வந்து சேர வேண்டியதுதான்.

அடுத்தது ரேஸர், 1927. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடம், இரண்டு வண்டி, போட்டி போட்டுக்கொண்டு ஓடும். ஏறும்போது நாங்கள் இடது பக்கத்தில் கிளம்பினோம், வந்து நின்றது வலது பக்கத்தில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு வெளியே நின்று கண்ணாலேயே தடத்தைத் தொடர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு தடமே இல்லை. ஒரே தடம், தன்னைத் தானே சுற்றிக்கொண்டு இரண்டாகத் தெரிகிறது. இரண்டு வண்டியும் ஒரு முழுச் சுற்றின் பாதிப் பாதியை ஓடுகின்றன. நீங்கள் இருந்திருந்தால் அந்த வேலியோரம் ஒரு மணி நேரம் நின்றிருப்பீர்கள், அம்மா திட்டியிருப்பார்.

மூன்றாவது தண்டர்போல்ட். 1924-ல் பிப்பின் என்ற பெயரில் மில்லர் கட்டியது. 1968-ல் பழைய பகுதியில் பாதியை வைத்துக்கொண்டு புதிதாகச் சுற்று சேர்த்துப் பெயரை மாற்றினார்கள். அதில் ஒற்றை ஆளை ஏற்றமாட்டார்கள். வளைவுகளில் உடம்பு ஒரு பக்கமாகப் போய் மோதும் என்பதால், இருக்கைக்கு இரண்டு பேர் கட்டாயம். எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தைரியம் வரவில்லை. வரிசையில் தனியாக நின்ற ஒரு பாட்டி, எழுபது வயதாவது இருக்கும், "வா, நாம் இரண்டு பேரும் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். சின்ன வயதில் அவருடைய அப்பா ஆலை விடுமுறையில் கூட்டிவருவாராம். ஓட்டம் முடிகிறவரை நான் கத்தினேன், அவர் ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

மரக் கோஸ்டர் என்றதும் பழைய மரத்தில் ஆளை ஏற்றுகிறார்களே என்று அம்மா பயப்பட வேண்டாம். பலகைகளை அடுக்கடுக்காக வைத்து, மேலே இரும்புப் பட்டை அடித்ததுதான் தடம். வருஷத்துக்கு வருஷம் பனிக்காலத்தில் தேய்ந்த பகுதிகளைத் தச்சர்கள் பிரித்து மாற்றுகிறார்கள். பூங்கா திறக்கும் முன் தினமும் காலையில் ஆள் தடத்தோடு நடந்து பார்ப்பார். நீங்கள் சொல்வீர்களே, ஊட்டி எஞ்சின் பொன்மலைக்கு வந்து திரும்பும்போது பெயர்ப்பலகை மட்டும்தான் பழசு என்று, கிட்டத்தட்ட அந்தக் கதைதான் இங்கேயும்.

புதியவையும் உண்டு. ஃபாண்டம் என்று ஒன்று இரும்பில். 1991-ல் திறந்தபோது உலகிலேயே வேகமான கோஸ்டர் அதுதான். தலைகீழ்ச் சுற்றுகளில் ஜனங்களின் தலை இடிபட்டதால் அவற்றை எடுத்துவிட்டு 2001-ல் மறுபடி கட்டினார்கள். இப்போது மணிக்கு 85 மைல், அதாவது 137 கிலோமீட்டருக்குப் பக்கம். இதிலும் அந்தப் பள்ளத்தாக்குதான் கைகொடுக்கிறது: முதல் இறக்கத்தைவிட இரண்டாவது இறக்கம் பெரியது, தண்டர்போல்ட்டின் மரச்சாரத்துக்குள் புகுந்து போகிறது. 2019-ல் வந்த ஸ்டீல் கர்ட்டன் இவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து அணியின் தடுப்பு வீரர்களுக்கு இருந்த பட்டப்பெயரைக் கொண்டது, 220 அடி உயரம், ஒன்பது தடவை தலைகீழாகப் போடும். அதைக் கீழே நின்று பார்த்தேன், போதும் என்றாகிவிட்டது.

எனக்குப் பிடித்தவை சின்னச் சின்ன சமாச்சாரங்கள். நோவாவின் பேழை என்று ஒரு மரக்கப்பல், 1936-லிருந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. திமிங்கிலத்தின் வாய்க்குள் நுழைந்து போக வேண்டும், உள்ளே நாக்கு மெத்துமெத்தென்று காலடியில் அமுங்கும். மரக்குதிரை ராட்டினம் ஒன்று, பிலடெல்பியாவில் டென்ட்செல் கம்பெனி செதுக்கியது. 1926-ல் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றைம்பதாவது ஆண்டுக் கண்காட்சிக்காகச் செய்ய ஆரம்பித்து, நேரத்துக்கு முடியாமல் போனதால் இங்கே வந்து சேர்ந்தது. குதிரைகளுக்கு நடுவே ஒரு சிங்கம், ஒரு புலி. குழந்தைகள் அந்த இரண்டுக்கும்தான் அடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் கங்காரு. 1962-ல் வந்தது, ஒரு மேட்டில் ஏறி பெட்டி காற்றில் குதித்துக் கீழே விழும், அவ்வளவுதான். 2020-ல் அதை நிறுத்துகிறோம் என்று அறிவித்ததும் ஊரே சண்டைக்கு வந்துவிட்டது. பழுதுபார்த்து 2022-ல் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஒரு கடை இருக்கிறது, வரிசை கோஸ்டர் வரிசையைவிட நீளம். தோலோடு வெட்டிப் பொரித்து மேலே பாலாடைக்கட்டிக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். நான் வெறும் உப்பும் வினிகரும் போதும் என்று வாங்கினேன். பரவாயில்லை, ஆனால் அவ்வளவு நேரம் நிற்கத் தேவையில்லை.

ஃபாண்டம் மேலே ஏறும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிராடாக்கில் எட்கர் தாம்சன் ஆலை தெரிகிறது. கார்னகி 1875-ல் தொடங்கிய எஃகு ஆலை, இன்னும் புகை விடுகிறது. அடுத்த ஊரான ஹோம்ஸ்டெட்டில் இருந்த பெரிய ஆலையை 1986-ல் மூடிவிட்டார்கள். பேருந்து அந்த வழியாகத்தான் வருகிறது. ஆலை இருந்த இடத்தில் இப்போது கடைத்தெருவும் திரையரங்கும். ஒரு வரிசைச் செங்கல் புகைபோக்கிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றிக் கார்கள் நிற்கின்றன. வேலைக்குப் போகத் தண்டவாளம் போட்டார்கள், அந்தத் தண்டவாளத்துக்கு ஆள் சேர்க்கப் பூங்கா போட்டார்கள். வேலையும் தண்டவாளமும் போய், பூங்கா நிற்கிறது. இதை நினைத்தால் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தண்டர்போல்ட்டில் கூட வந்த பாட்டியிடம் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை, வறுவல் வரிசை குறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

அடுத்த வருஷம் நீங்களும் அம்மாவும் வருவதானால் மே கடைசியில் கிளம்பி வாருங்கள். பனிக்காலத்தில் வந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் இருப்பதால் கோஸ்டரில் உங்களை ஏற்றமாட்டேன். ஆற்றோரம் மேட்டு விளிம்பில் ஒரு பொம்மை ரயில் ஓடுகிறது, அதில் இரண்டு பேரும் உட்காரலாம். அம்மாவுக்கு பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் இருக்கிறது, 1970-களில் கட்டியது. அங்கே ஒரு நாள் போதாது என்பார்.

மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள். தம்பிக்கு அனுப்பிய பணம் வந்துவிட்டதா என்று எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, இது அவசரம்: ஊட்டி ரயில் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் சாதாச் சக்கரத்தில் மட்டும் பிடிக்குமா, பல்சக்கரத்திலும் பிடிக்குமா? ஆய்வுக்கூடத்தில் ஒருவரோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். படம் போட்டு அனுப்பினால் நல்லது.

உங்கள் அன்பு மகள்