அந்த மோனோகிளோனல் ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது காலையில் பேப்பர் அவர் கைக்குத்தான் முதலில் போகிறது.

உன் பேஷண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பிலும் தொடையிலும் வருஷக்கணக்கில் படை, களிம்பு போட்டால் அடங்கி மறுபடி கிளம்புகிறது, பயாப்ஸி இரண்டுங்கெட்டானாக வந்திருக்கிறது, டி செல் ஜீன் டெஸ்டில் மட்டும் 'மோனோகிளோனல்', அதாவது எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகள் (ஒரே கிளோன்) என்று. வீட்டில் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்கிறாய். அந்த ஒரு தாளை வைத்து அவருக்கு மைகோசிஸ் ஃபங்காய்டிஸ், அதாவது தோலில் டி செல்லில் வரும் லிம்போமா புற்றுநோய் என்று சொல்லிவிடாதே, தயவுசெய்து.

நோயை எதிர்க்கும் வெள்ளையணுவான டி செல் ஒவ்வொன்றும், எதிரியை அடையாளம் காணும் தன் ரிசெப்டர் ஜீனை வெட்டி ஒட்டிக்கொள்ளும்போது, ஒட்டிய இடத்தின் நீளம் செல்லுக்குச் செல் மாறும். வெறும் அழற்சி என்றால் பல நீளங்களும் கலந்து கிராஃபில் மேடு மாதிரி விழும். ஒரே செல்லின் வாரிசுகள் பெருகியிருந்தால் ஒரு கூரான உச்சி எழும்பும். அந்த உச்சி சொல்வது அவ்வளவுதான். புற்றுநோயே அல்லாத தோல் அழற்சிகளான லைக்கன் பிளேனஸிலும் பிட்ரியாசிஸ் லைக்கனாய்டஸிலும்கூட அது வருவதுண்டு. இன்னொரு தொல்லை: ஆரம்பகட்டப் படையில் டி செல்லே கொஞ்சம்தான் இருக்கும். அந்தக் கைப்பிடி செல்களின் டிஎன்ஏவை பிசிஆர் நகலெடுத்துப் பெருக்கும்போது ஏதோ ஒன்று தற்செயலாக முந்திக்கொண்டு பொய் உச்சி காட்டும். அதே டிஎன்ஏவை மறுபடி ஓட்டினால் உச்சி வேறு இடத்தில் நிற்கும். நான் எதையும் இரண்டு முறை ஓட்டாமல் கையெழுத்துப் போடுவதில்லை. உன் லேபில் அப்படிச் செய்தார்களா என்று முதலில் கேள்.

நான் நம்புவது இரண்டு இடத்துப் பயாப்ஸியைத்தான். தொடையில் ஒன்று, இடுப்பில் ஒன்று எடுத்து, இரண்டிலும் அதே நீளத்தில் அதே உச்சி நின்றால் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும். 2005இல் வந்த ஆரம்பகட்ட மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் மதிப்பெண் முறையிலும் மொத்தம் ஆறில் நான்கு தேவை. கண்ணால் பார்ப்பதற்கு இரண்டு வரை, ஸ்லைடுக்கு இரண்டு வரை, டி செல் புரதங்களைச் சாயமேற்றிப் பார்ப்பதற்கு ஒன்று, கிளோனுக்கு ஒன்றே ஒன்று. அந்தக் கணக்கு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. உன் கண்ணுக்குத்தான் முதல் மரியாதை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நம் நிறத்துப் பிள்ளைகளுக்கு இந்த நோய் வெளிறிய திட்டாக வரும்போது தேமல், வெண்புள்ளி, தொழுநோய் என்று சுற்றவிடுவார்கள். கிளோன் டெஸ்டும் பல நேரம் நெகட்டிவ். அதைப் பார்த்து அவர்களைக் கைவிடக் கூடாது.

ஒருவேளை அவருக்கு நோய் உறுதியானாலும், உடம்பில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகத் திட்டாக மட்டும் இருக்கும் கட்டத்தில் ஆயுள் மற்றவர்களைப் போலத்தான். இதை வீட்டாரிடம் இப்போதே சொல்லலாம். கேட்டால் அன்றைக்காவது தூங்குவார்கள்.

களிம்பை ஒரு மாதம் நிறுத்திவிட்டு இரண்டு பஞ்ச் பயாப்ஸி எடு. ஃபார்மலினில் நாள்கணக்கில் ஊறவிடாதே, டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். பழைய பயாப்ஸியின் மெழுகு பிளாக்கையும் சேர்த்து அனுப்பு, மூன்றையும் ஒன்றாக ஓட்டுகிறேன். எந்தத் துண்டு எந்த இடம் என்று பாட்டிலிலேயே எழுதிவிடு.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் ரூம்மேட்