ஹெட் கேஷியர் அண்ணனுக்கு

அண்ணே,

இன்று மே 31. இந்நேரம் உங்கள் ரிட்டயர்மென்ட் விழாவில் மாலை, பொன்னாடை, குரூப் போட்டோ எல்லாம் முடிந்திருக்கும். நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் சொன்னது பொய். பதினோரு நாளாக லீவில்தான் இருக்கிறேன்.

நம் பேங்க் கிளையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படிப்பவர்களில் நம் ஆட்களும் இருப்பார்கள். மேனேஜரைப் பற்றியும் எதுவும் சொல்லப் போவதில்லை. அவருக்கு மேலே இருந்து வந்த டார்கெட் நெருக்கடியை அவர் எங்கள் பக்கம் இறக்கினார், அதோடு விடுகிறேன்.

2023 மார்ச் 28. காலை ரிவ்யூவில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். மாலையில் கேஷை உள்ளே வைக்கப் போனோம். உங்கள் சாவி, என் சாவி, இரண்டும் போட்டுத்தான் ஸ்ட்ராங் ரூம் திறக்கும். உள்ளே கால் வைத்ததும் எனக்கு நெஞ்சு இறுகிவிட்டது. விரல் நுனி மரத்தது. மூச்சு தொண்டையோடு நின்றது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அதற்கு முன்பும் இரண்டு தடவை இப்படி வந்து, ஈ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். ஒன்றுமில்லாமல் இவ்வளவு எப்படி வரும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

சில்லறை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்கவில்லை. கம்பிக் கதவைப் பாதி சாத்தினீர்கள். கிழிசல் நோட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்து, ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தீர்கள். எண்ணுகிற மெஷின் வெளியே சும்மா இருந்தது. நூறு ஆனதும் மறுபடி ஒன்று. இன்னும் டேலி ஆகவில்லை போலிருக்கிறது என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் எண்ணினீர்கள். அது எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. ஆனால் நான் அந்தக் குரலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நூறில் எழுபதைத் தாண்டும்போது மூச்சு கீழே இறங்கியது. "போலாமாம்மா?" என்றீர்கள். மற்ற நாளெல்லாம் நான் உங்களுக்கு மேடம்.

வெளியே வந்து பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தீர்கள். 2016 நவம்பரில் வந்த பழக்கம் அது. ஐநூறு, ஆயிரம் செல்லாது என்று சொன்ன பிறகு வந்த கூட்டத்தில் கேஷ் குறைந்து, கைக்காசைப் போட்டுக் கட்டினீர்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் சரியாகத் தூங்கவில்லை என்று ஏதோ ஜலதோஷம் பிடித்த கதை மாதிரி சொன்னீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள் எப்படி அண்ணே நாலே நாளில் மேனேஜரிடம் போனீர்கள்? "மேடத்துக்கு முடியல, சாவிய வேற யாருக்காவது குடுங்க." ஒரு கட்டு குறைந்தாலும் என்னோடு உங்கள் தலையும் சேர்ந்து உருளும். ரிட்டயர்மென்டுக்கு இரண்டே வருஷம் இருந்தது. உங்கள் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை முதலில் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் செக்யூரிட்டி வரைக்கும் "இப்ப பரவால்லையா மேடம்" என்று கேட்டார். யாரும் என்னைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. சொல்லிவிடக் கூடாதே என்று எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மே 19 ராத்திரி, இரண்டாயிரம் ரூபாய் நோட்டை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்கள். நல்லவேளை, சாவி என்னிடம் இல்லை என்று முதலில் தோன்றியது. உங்களுக்கு நன்றி சொல்லக்கூட நினைத்தேன். விடிந்ததும் உங்கள் மேல் இன்னும் கோபம் வந்தது.

உங்கள் மகள் கல்யாணத்துக்கு வராதது அந்தக் கோபத்தில்தான். அந்தப் பிள்ளை என்ன செய்தது? அதற்கு மன்னித்துவிடுங்கள். மாற்றல் வாங்கிக்கொண்டு போய், இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பொய்யாகிவிடும்.

கோயிலில் விளக்குப் போடச் சொன்னீர்கள். போட்டேன். ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு 14416-க்கும் போன் செய்தேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் அரசாங்கம் ஆரம்பித்த மனநல உதவி எண். காசு கிடையாது, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண்தான் மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். அவர் எஸ்சிடலோபிராம் மாத்திரை எழுதினார். முதல் இரண்டு வாரம் குமட்டல்தான் மிச்சம். நாலாவது வாரம் ஒரு காலையில் தலை துவட்டும்போது, இன்றைக்கு இன்னும் டார்கெட் ஞாபகமே வரவில்லையே என்று தோன்றியது. சரியாகிவிட்டது என்று கொஞ்ச மாதத்தில் நானே மாத்திரையை நிறுத்தினேன். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். தலை கிறுகிறுத்து, தூக்கம் போய், பழையபடி விழுந்தேன். மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவு நாளும் லீவு விண்ணப்பத்தில் வைரல் காய்ச்சல், ஒற்றைத் தலைவலி, ஒரு தடவை டைபாய்டு என்றுகூட எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை டாக்டர் கொடுத்த சான்றிதழை அப்படியே இணைத்தேன். மனச்சோர்வு, பதற்றக் கோளாறு. 2017 மனநலச் சட்டம் மனநோயை உடம்பு நோய்க்குச் சமமாகப் பார்க்கச் சொல்கிறது, இன்ஷூரன்ஸ் உட்பட. நாள் பூரா கவுன்ட்டரில் இன்ஷூரன்ஸ் விற்றவள், அது எனக்கே தெரியாது. விண்ணப்பத்தை அனுப்பும்போது கை நடுங்கியது. இனி இதை உங்கள் வாயாலோ வேறு யார் வாயாலோ யாரும் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்லிவிட்டேன். முதலில் நினைத்தது உங்களைத்தான். ஏன் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் அண்ணே. ராத்திரி மாத்திரை போட வேண்டும், ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். சாப்பிட்டுப் போ என்று அண்ணி விடமாட்டார்கள். என்ன மாத்திரை என்று கேட்டால், நீங்களே சொல்லிவிடுங்கள்.