ஹாரிசனின் சித்தார் இருக்கட்டும், ஸ்லைடைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 29 நெருங்கினால் சிங்கப்பூர்த் தமிழ் ரசிகர்களிடையே பீட்டில்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் பற்றிய பேச்சு மீண்டும் கிளம்பிவிடும். 2001ல் அவர் மறைந்த நாள் அது. பீட்டில்ஸ், சித்தார், ரவி சங்கர் என்று தொடங்கும் அந்தப் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடுகிறது. சமூக மன்ற மேடைகளில் அவர் பாட்டை எடுத்துக்கொள்ளும் நம் இளையர் குழுக்களும், கீபோர்டில் சித்தார் ஒலியைத் தட்டிவிட்டால் இந்தியத் தொடர்பைக் காட்டியாயிற்று என்று நினைக்கின்றன. நம் இசையிலிருந்து ஹாரிசன் எடுத்துக்கொண்டது அதைவிடப் பெரிய விஷயம். கற்றுக்கொண்டது சித்தாரில் என்றாலும், கற்றது கடைசிவரை தங்கியது, விரலில் மாட்டிய குழாயைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் அவருடைய ஸ்லைடு கிட்டாரில்தான்.

ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். ‘நார்வீஜியன் வுட்’ பாட்டுக்கு அவர் சித்தார் வாசித்தது 1965 அக்டோபரில். அது சக பீட்டில்ஸ் கலைஞர் ஜான் லெனனின் பாட்டு. இந்திய வாத்தியங்களை மையமாக வைத்து பீட்டில்ஸுக்காக ஹாரிசனே எழுதியவை மூன்றுதான்: 1966ல் ‘லவ் யூ டூ’, 1967ல் ‘விதின் யூ விதவுட் யூ’, 1968ல் ‘தி இன்னர் லைட்’. கடைசிப் பாட்டின் வாத்திய இசை பம்பாய் எச்எம்வி ஸ்டூடியோவில் பதிவானது. சிறு வயதிலிருந்தே சாதகம் செய்தவர்களுக்கு ஈடாகத் தன்னால் சித்தார் வாசிக்க முடியாது என்று முடிவு செய்து, அந்த ஆண்டே அவர் கிட்டாருக்குத் திரும்பிவிட்டார். ஆக, சித்தார்க் காலம் மொத்தமே மூன்று ஆண்டு. ஸ்லைடு வாசிப்போ 1969 டிசம்பரில் டெலனி அண்ட் பானி குழுவோடு பயணம் போனபோது தொடங்கி அவர் மறையும்வரை நீடித்தது. மூன்று ஆண்டைப் பிடித்துக்கொண்டு முப்பது ஆண்டை விட்டுவிடுகிறோம்.

‘விதின் யூ விதவுட் யூ’வைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். கமாஜ் என்னும் இந்துஸ்தானி தாட்டை (மேளத்தை) ஒட்டிய மெட்டு, நம் கணக்கில் ஹரிகாம்போஜி. நடுவில் வாத்தியங்கள் மட்டும் வரும் பகுதி பத்து அட்சர ஜப்தாளம். தொடையில் கண்ட சாப்பு போட்டுப் பார்த்தால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சரியாக உட்காரும். அதைவிட முக்கியம், குரலை ஒட்டி நிழல்போல் வரும் தில்ருபா என்னும் வில் வாத்தியம். கச்சேரியில் பாடகரை வயலின்காரர் தொடர்வாரே, அதே வேலைதான். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இதற்கு எட்டு வயலினும் மூன்று செலோவும் எழுதிச் சேர்த்தார். மேற்கத்திய வாத்தியக்காரர்கள் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவி வாசித்துப் பழகியவர்கள். தில்ருபாவோடு ஒட்ட வேண்டுமானால் இடைவெளியை இழுத்து நிரப்ப வேண்டும், மேலும் கீழும் வழுக்கிப் போகும் ஏற்ற ஜாருவும் இறக்க ஜாருவும் வேண்டும். பாட்டின் உயிரே ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஹாரிசன் இந்தியாவிலிருந்து எடுத்துப்போனது அந்த நடு இடத்தைத்தான்.

சாதாரண கிட்டாரில், கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பி அந்த இடத்தை வெட்டிவிடும். தந்தியை வளைத்தால் ஒன்று, ஒன்றரை ஸ்வரம் ஏறும், அவ்வளவுதான். சித்தாரில் ஃபிரெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் நான்கைந்து ஸ்வரம் கிடைக்கும். ஆனால் இழுப்பது ஸ்வரத்தை ஏற்றத்தான் செய்யும். இறங்க வேண்டுமானால் முன்கூட்டியே இழுத்து வைத்து, மீட்டிவிட்டு, பிறகு விட வேண்டும். ஸ்லைடுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை, தந்தியின் நீளம் முழுவதும் ஏறலாம், இறங்கலாம். நமக்கு இது புதிதும் அல்ல. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வாசித்த கோட்டுவாத்தியம் ஃபிரெட்டே இல்லாத வாத்தியம். கையில் பிடித்த கட்டையைத் தந்திமேல் நகர்த்தித்தான் வாசிப்பார்கள். கோட்டுவாத்தியத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு, 1970ல் வந்த ‘மை ஸ்வீட் லார்ட்’ பாட்டின் தொடக்க ஸ்லைடு உடனே பிடிபடும். பாட்டின் பிற்பகுதியில் பின்பாட்டுக்காரர்கள் சொல்லும் ‘குருர் பிரம்மா குருர் விஷ்ணு’வைக் காட்டி நம்மவர்கள் பூரித்துப்போகிறார்கள். பூரிக்கட்டும், ஆனால் அதே பாட்டில் கிட்டார் செய்வதையும் கவனிக்க வேண்டும். இந்தப் பாட்டின் மெட்டு ‘ஹீஸ் சோ ஃபைன்’ என்ற பாட்டிலிருந்து எடுத்தது என்று நடந்த வழக்கைப் பற்றி ஏற்கெனவே வேண்டியமட்டும் பேசியாயிற்று. 1976 தீர்ப்புக்கும் அந்த ஸ்லைடுக்கும் சம்பந்தமில்லை.

மேடையில் இதை வாசிக்க நினைக்கும் இளையர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சுருதி. ஓப்பன் ஈ என்னும் முறையில் ஐந்தாம் தந்தியையும் நான்காம் தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும், மூன்றாம் தந்தியை அரை ஸ்வரம். மற்ற மூன்றைத் தொட வேண்டாம். இப்போது தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்திவரை வெறுமனே மீட்டினால் ச ப ச க ப ச என்று ஒலிக்கும். காந்தாரம், அந்தர காந்தாரம். சுருதிப்பெட்டிச் செயலியை மூன்று கட்டைக்கு வைத்துக்கொண்டால் பொருந்திவிடும். இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து, ஏற்றும்போது தந்தி அறுந்துபோவது. நம் ஊர் ஈரக் காற்றிலும் கை வியர்வையிலும் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய தந்தி கூடுதல் இழுப்பைத் தாங்காது. ஆகவே புதுத் தந்தி போட்ட பிறகே ஏற்றுங்கள். பயமாக இருந்தால் இரண்டு கட்டைக்கு இறக்கிவிடலாம்: முதல் தந்தி, இரண்டாம் தந்தி, ஆறாம் தந்தி மூன்றையும் ஒரு முழு ஸ்வரம் தளர்த்தி, மூன்றாம் தந்தியை அரை ஸ்வரம் தளர்த்தினால் அதே ச ப ச க ப ச, இழுப்பும் குறைவு.

அடுத்தது தந்தியின் கனமும் உயரமும். கடையில் வாங்கும் எலக்ட்ரிக் கிட்டாரில் பெரும்பாலும் 009 செட் (முதல் தந்தி 0.009 அங்குலம்) தந்திகள்தான் இருக்கும், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் உயரம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். ஸ்லைடின் எடையில் அந்தத் தந்தி அமிழ்ந்து ஃபிரெட்டில் மோதிக் கடகடக்கும். 011 செட் போட்டு, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை உயர்த்தி இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஒரே கிட்டாரை வைத்துக்கொண்டு சாதாரண வாசிப்பையும் ஸ்லைடையும் சமாளிக்கப் பார்ப்பவர்களுக்கு இரண்டுமே சரியாக அமைவதில்லை. விலை குறைந்த இரண்டாவது கிட்டார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குவது நல்லது. ஸ்லைடு கண்ணாடியில் கிடைக்கும், பித்தளையிலும் கிடைக்கும். கண்ணாடி மென்மை, பித்தளை பளீரென்று கேட்கும். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கிட்டார்க் கடைகளில் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். கையை உதறினால் கழன்று விழவும் கூடாது, விரலை நெரிக்கவும் கூடாது.

வாசிப்பில் நடக்கும் முதல் தவறு, விரல் வைக்கும் இடத்திலேயே ஸ்லைடையும் வைப்பது. விரலை ஃபிரெட் கம்பிக்குச் சற்று முன்னால் அழுத்துவோம். ஸ்லைடோ கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்வரம் தாழ்ந்து ஒலிக்கும். அழுத்தவே கூடாது, தந்திமேல் வைத்தால் போதும். இரண்டாவது தவறு, ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் விரல்களைத் தூக்கிக்கொள்வது. அப்படிச் செய்தால் ஸ்லைடுக்கும், கழுத்தின் முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டுக்கும் இடையே உள்ள தந்தித் துண்டும் சேர்ந்து அதிர்ந்து ஒரு பேய்ச் சுருதியைக் கிளப்பும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஸ்லைடுக்குப் பின்னால் தந்திமேல் மெல்லப் படிந்திருக்கட்டும். மீட்டாத தந்திகளை வலது கை அடக்க வேண்டும். ஸ்லைடு வாசிப்பில் பாதி வேலை, வேண்டாத ஒலியை நிறுத்துவதுதான்.

மூன்றாவது தவறைத்தான் நம் மேடைகளில் அதிகம் கேட்க முடிகிறது. ஸ்வரம் சரியாக விழாதபோது கையை வேகமாக ஆட்டி மறைத்துவிடுவார்கள். ப்ளூஸ் வாசிப்பில் அந்த அகன்ற அதிர்வுக்கு இடம் உண்டு. ஹாரிசனிடம் அது செல்லாது. அவர் ஸ்வரத்தில் போய் நேராக உட்கார்வார், ஒரு நொடி அசையாமல் நிற்பார், பிறகே மெதுவான, குறுகிய அசைவு வரும். 1973ல் வந்த ‘கிவ் மீ லவ்’ பாட்டைக் கேட்டால் இது தெளிவாகத் தெரியும். பழகும் வழி எளிது. ஓப்பன் ஈயில் முதல் தந்தியில் பன்னிரண்டாம் ஃபிரெட் ஷட்ஜம், பதினான்கு சதுஸ்ருதி ரிஷபம், பதினாறு அந்தர காந்தாரம், பத்தொன்பது பஞ்சமம். சுருதியை ஓடவிட்டு ச–ரி, ரி–க, க–ப என்று ஒவ்வொன்றையும் ஒரே மீட்டில் இழுங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் இரண்டு அட்சரம் அசைக்காமல் நிறுத்துங்கள். காது திருப்தியான பிறகு அசைவைச் சேர்க்கலாம். வாய்ப்பாட்டு கற்ற பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வரும், அவர்கள் காது ஏற்கெனவே தயார்.

‘மை ஸ்வீட் லார்ட்’ பதிவில் கேட்பது ஒரு ஸ்லைடு அல்ல. ஒன்றுக்கொன்று இசைந்து போகும்படி இரண்டு பகுதிகளை அவர் தனித்தனியே வாசித்துச் சேர்த்தார். மேடையில் இதை ஒருவரே ஹார்மனைசர் பெடல் வைத்துச் செய்யப் பார்த்தால் காரியம் கெடும். ராகத்துக்குள் நின்று இரண்டாம் குரல் கொடுக்கும் பெடல், ஸ்வரத்தைக் கணித்தே பதில் தருகிறது. ஸ்லைடு இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே போகும்போது எது என்று முடிவெடுக்க முடியாமல் அது படிப்படியாகத் தாவும். வழுக்கிப் போக வேண்டிய இடம் மாடிப்படி ஏறுவதுபோல் ஆகிவிடும். இரண்டாவது கிட்டார்க்காரரை ஸ்லைடோடு நிறுத்துங்கள். இருவரும் ஒரே வேகத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் போய்ச் சேரப் பழக நாளாகும், ஆனால் வேறு வழியில்லை. ஆம்பில் டிஸ்டார்ஷனையும் குறைத்து வையுங்கள். அதிகமானால் ஸ்லைடு உரசும் சத்தம்தான் முன்னால் வரும்.

இத்தனைக்குப் பிறகும் நிஜமான சித்தாரையே மேடையேற்ற விரும்பினால், மனமார வரவேற்கிறேன். ஆனால் நேரம் ஒதுக்குங்கள். வெளியே 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம், அரங்குக்குள் குளிரூட்டி. ஐந்து நிமிடத்துக்கு முன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து வந்திறங்கிய சித்தாரின் மரமும் தந்தியும் அந்த மாற்றத்தில் அசைந்துகொண்டே இருக்கும். அடியில் இருக்கும் பதினொன்று, பதின்மூன்று தரப் (துணை அதிர்வுத்) தந்திகளும் கலைந்துபோகும். வாத்தியத்தை ஒரு மணி நேரம் முன்பே அரங்குக்குள் வைத்துவிட்டு, பிறகு சுருதி சேர்க்க வேண்டும். கூட்டத்திடமும் சொல்லிவிடுவது நல்லது. 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், பங்ளாதேஷுக்காக ஹாரிசன் நடத்திய நிகழ்ச்சியில், ரவி சங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததற்கே அரங்கம் கைதட்டியது. இதையே இவ்வளவு ரசித்தீர்களானால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்றார் ரவி சங்கர்.

இனி உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். ஹாரிசன் தனிப்பட்ட முறையில் மேற்கொண்ட இசைப் பயணங்கள் இரண்டுதான்: 1974ல் வட அமெரிக்கா, 1991ல் ஜப்பான். முதல் பயணம் நவம்பர் 2ஆம் தேதி வான்கூவரில் தொடங்கி டிசம்பர் 20ஆம் தேதி நியூயார்க்கில் முடிந்தது. பீட்டில்ஸ் பாட்டுக்காக வந்த கூட்டத்தின்முன், நிகழ்ச்சியின் ஒரு பெரும் பகுதியை அவர் இந்தியக் கலைஞர்களுக்கு ஒதுக்கினார். கூட்டம் பொறுமை இழந்தது, விமர்சகர்கள் அவருடைய கம்மிய குரலையே பிடித்துக்கொண்டார்கள். பயணத்துக்கு முன்பே ஆல்பப் பதிவிலும் ஒத்திகையிலும் குரலை வருத்தியதன் விளைவு அது. அந்த மேடையில் வயலின் வாசித்தவர் எல். சுப்பிரமணியம், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்தவர். மிருதங்கம் வாசித்தவர் டி.வி. கோபாலகிருஷ்ணன். ராக் கச்சேரிக்கென்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த ஆயிரக்கணக்கானோர் மிருதங்கத்தை முதன்முதலில் நேரில் கேட்டது அந்தக் குளிர்காலத்தில்தான் இருக்கும். ஹாரிசனைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் இந்த இருவர் பெயரும் அரிதாகவே வருகின்றன. நவம்பரில் எஸ்பிளனேடின் இந்தியக் கலை விழாவான ‘கலா உத்சவம்’ பற்றி எழுதும்போதோ ஹாரிசன் நினைவு நாளுக்கு எழுதும்போதோ இவர்களைப் பற்றி அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை, அவர் மறைந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்து 2002ல் வந்த ‘மார்வா ப்ளூஸ்’. பாட்டு வரி கிடையாது, ஸ்லைடு மட்டும்தான் பேசும். இந்துஸ்தானி ராகப் பெயரைத் தாங்கிய அந்த இசைக்கு 2004ல் கிராமி விருதும் கிடைத்தது. அதைக் கேட்ட கையோடு ‘விதின் யூ விதவுட் யூ’வின் தில்ருபாவைக் கேளுங்கள், இரண்டு முறை மாற்றி மாற்றி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோ பாயோ